கதவிடுக்கில் போன வயர்

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. ஆனால் தோட்டத்து மோட்டாரோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவன். அனுமந்தன்பட்டியில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. ஸ்டார்ட்டர் மக்கர் செய்தால், ஆள் வரும்வரை வாழை தண்ணீருக்குக் காத்திருக்காது. டெஸ்டரையும் கறுப்பு டேப்பையும் எடுத்துக்கொண்டு நாங்களே இறங்கிவிடுவோம். இறங்கி, ஷாக் வாங்கி, கையை உதறிக்கொண்டு மறுபடி இறங்கி, ஒருவழியாக மோட்டார் ஓடிவிட்டால் அன்று முழுக்க எங்களைக் கையில் பிடிக்க முடியாது. அந்தத் தெனாவட்டை நான் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எழுதும்போதே கூசுகிறது.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தேனியில் ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆறாம் நாள் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அது ஆடி மாதம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்றால், காயப்போட்ட வேட்டியை அடுத்தவர் தோப்பில் போய்த் தேட வேண்டியிருக்கும். பச்சை உடம்புக்காரி மேல் அந்தக் காற்று படக்கூடாது என்பதில் என் மனைவி படு கறார். அவள் சொன்னபடி பின்னறை ஜன்னலுக்குக் கம்பளியை விரித்து நாலு மூலையிலும் ஆணி அடித்தேன். கதவுக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. பழைய நூல் சேலை ஒன்றைச் சுருட்டி, இம்மி காற்று நுழையாதபடி அதில் திணித்து அடைத்தாள். காற்று தள்ளினால் கீழ்த் தாழ்ப்பாள் தானாகக் கழன்றுகொள்ளும். அதனால் மகள் உள்ளே மேல் தாழ்ப்பாளைத்தான் போட்டுக்கொள்வாள்.

பிள்ளை பெற்றவளுக்குக் குளித்ததும் கங்குச் சட்டி வைத்துச் சாம்பிராணிப் புகையில் தலை காயவைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். டாக்டரம்மா அதைக் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார். சின்னக் குழந்தையின் மூச்சுக்குப் புகையே ஆகாதாம். சரி என்று நெருப்புச் சட்டியை அந்த அறைப் பக்கமே விடவில்லை. அதற்குப் பதிலாகத் தலை காயவைக்க டிரையர், அறை கதகதப்பாக இருக்க மாப்பிள்ளை வாங்கிவந்த ஹீட்டர், வெந்நீருக்குக் கெட்டில் என்று ஒவ்வொன்றாக உள்ளே போயின. கங்கு இல்லை, இனிப் பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

ஆனால் பின்னறையில் இருந்தது ஒரே ஒரு பழைய பாயின்ட். அதுவும் செத்துப்போயிருந்தது. ஹாலில் பீரோவுக்குப் பக்கத்தில்தான் பவர் பிளக் இருக்கிறது. கடையில் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவரச் சொன்னாள் மனைவி. எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் நான் ஒருவன் இருக்கும்போது கடை எதற்கு? நாலு பிளக் வைத்த பாக்ஸ் ஒன்று என்னிடம் கிடந்தது. மோட்டார் ரூமில் பல்பு போட வாங்கிய வயரும் மிச்சம் இருந்தது. நீளம் கொஞ்சம் பற்றவில்லை. இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றினேன். பல்பு எரியப் போட்ட வயர் அது. ஒரு பல்புக்கு வேண்டிய கரண்ட்டைத்தான் தாங்கும். அதில் நான் ஹீட்டரையும் கெட்டிலையும் டிரையரையும் மாட்டினேன். வயரைக் கதவுக்கு அடியில் விட்டு இழுத்தபோது அந்த முறுக்கிய இடம் சரியாகக் கதவிடுக்கில் வந்து நின்றது. கதவு அழுத்துமே என்று ஒரு நொடி தோன்றியது. மேலே சேலையை மெத்தென்று வைத்துவிடுவாள், வயர் நசுங்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஃபியூஸ் போனது. கட்டையைக் கழற்றிக் கம்பி மாற்றினேன். அதற்கடுத்த நாள் மகள் தலை காயவைக்கும்போது மறுபடி போனது. "ஆளக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்களேன், ரெண்டு நாளா போகுது" என்றாள் மனைவி. தோட்டத்தில் ஃபியூஸ் அடிக்கடி போனால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். மோட்டார் கேபிள் துண்டு ஒன்றை உரித்து, நல்ல தடித்த செப்புக் கம்பியாக இரண்டு இழை எடுத்துக் கட்டையில் கட்டினேன். "இனிமே நீயே போகச் சொன்னாலும் போகாது" என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னபடியே அது போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மனைவி ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"அப்பா, என்னமோ தீயுற வாட வருதுப்பா."

"அம்மா சாமிக்குச் சாம்பிராணி போடுறா ஆத்தா. நீ கதவத் திறந்துறாத, பிள்ளைக்குப் புகை ஆகாது."

பிறகு மறுபடியும் அவள்தான்.

"சாம்பிராணி இல்லப்பா. ரப்பர் மாதிரி இருக்கு."

"ரோட்டுல எவனாச்சும் டயரக் கொளுத்தியிருப்பான். அடிக்கிற காத்துக்கு இங்கன வரைக்கும் வருது."

என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். அது என் குணம். சாம்பிராணிக் கரண்டியோடு மனைவி திரும்பிப் பார்த்தாள். "பிள்ள ரெண்டு தடவ சொல்றாள்ல. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா குறஞ்சா போயிருவீக?" என்றாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஹால் லைட் ஒருமுறை மங்கி, பிறகு எரிந்தது. ஆடி மாதத்தில் அது அதிசயமில்லை.

மூன்றாவது தடவை மகள் "அப்பா!" என்று மட்டும்தான் கத்தினாள். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

ஓடினேன். கதவுக்கு அடியில் அடைத்திருந்த சேலை எங்கள் பக்கம் கறுத்து, அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகைக்குள் கலந்து இன்னொரு புகை, கறுப்பாக, தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. கதவின் கீழ்ச் சந்தில் வெளிச்சம் தெரிந்தது. அது லைட் வெளிச்சம் இல்லை. உள்பக்கம் தீ பிடித்துவிட்டது.

"கதவத் திற ஆத்தா!"

"கிட்டப் போக முடியலப்பா! பாய் எரியுது. கதவடியிலதான் எரியுது!"

அந்த அறைக்கு வழி அது ஒன்றுதான். ஜன்னலில் கம்பி இருக்கிறது. அதன் மேல் நான் அடித்த ஆணியும் என் கம்பளியும் இருக்கின்றன. பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையோடும், வயிற்றில் காயாத தையலோடும் என் மகள் உள்ளே இருந்தாள். தீ அவளுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது.

மனைவி அடுப்படியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டேன். குடத்தோடு சுவரில் போய் மோதினாள். "ஊத்தாத! கரண்ட் ஓடுது!" என்று கத்தினேன். அதே நேரம் உள்ளே வாளியின் பிடி டங்கென்று கேட்டது. குழந்தையைக் குளிப்பாட்ட வைத்திருந்த தண்ணீர் ஒரு வாளி நிறைய உள்ளே இருந்தது. அதை அவள் தூக்குகிறாள் என்று புரிந்தது. வயர் அறுந்து கிடக்கிறது. தரையெல்லாம் தண்ணீர் ஓடினால் அவள் வெறுங்காலோடு அதில்தான் நிற்பாள். தோட்டத்தில் ஈரக் காலோடு வாங்கிய ஷாக் எப்படித் தூக்கி எறியும் என்று எனக்குத் தெரியும்.

"ஊத்தாத ஆத்தா! அப்பா மெயின அமத்திட்டு வந்து சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் ஊத்தாத!"

"சீக்கிரம்ப்பா!"

பீரோ பக்கம் பாய்ந்தேன். பவர் பிளக் சுவிட்சைத் தட்டினேன். அது அசையவில்லை. உள்ளே உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடித்து இழுத்தேன். அது கையைச் சுட்டதே தவிர வரவில்லை. ஹாலைத் தாண்டி முன்வாசலுக்கு ஓடினேன். அங்கே இரும்புப் பெட்டியில் பழைய மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதன் கைப்பிடியை நான் கடைசியாக எப்போது இறக்கினேன் என்று நினைவில்லை. துருவேறி இறுகியிருந்தது. முழுப் பலத்தையும் கொடுத்துத் தொங்கினேன். இறங்கவில்லை. மேலே ஃபியூஸ் கட்டை என் கண்ணுக்கு நேராக இருந்தது. உருவப் பார்த்தேன், நான் கட்டிய தடித்த கம்பி இறுக்கியதில் அதுவும் வரவில்லை. போக வேண்டிய ஃபியூஸ் போகாமல், கறுப்பாகக்கூட ஆகாமல், நான் கட்டியபடியே ஜம்மென்று இருந்தது. நான் மட்டும் அந்தக் கம்பியைக் கட்டாமல் இருந்திருந்தால் எப்போதோ வீடு இருண்டு, எல்லாம் அடங்கியிருக்கும்.

உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. அழுகை நடுவில் இருமலாக மாறியது. எனக்குக் கண்மண் தெரியவில்லை. வாசலில் கிடந்த மர முக்காலியை எடுத்து, கைப்பிடியின் மேல் ஓங்கி ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியோ நான்காவது அடியோ, படாரென்று கீழே விழுந்தது. வீடு இருண்டது.

"ஊத்து ஆத்தா! இப்ப ஊத்து!"

உள்ளேயிருந்து பதில் இல்லை.

நான் ஹாலுக்குள் ஓடிவருவதற்குள் மனைவி கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போயிருந்தாள். அவள் குரல் வெளியிலிருந்து கேட்டது. "பிள்ளய இங்க குடு, கம்பிக்கிட்ட கொண்டா, மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பு." மகள் கம்பளியை ஆணியோடு பிய்த்து எறிந்துவிட்டுக் குழந்தையின் முகத்தைக் கம்பிகளுக்கு நடுவே காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் அத்தனை பாடுபட்டு அடைத்த ஆடிக் காற்று அந்த வழியாக உள்ளே பாய்ந்தது. அது குழந்தைக்கு மூச்சைக் கொடுத்தது, தீக்கும் கொடுத்தது. கதவின் கீழ்ப் பலகை சடசடவென்று பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தோளால் கதவை மோதினேன். அசையவில்லை. எங்கள் அப்பா காலத்துத் தேக்கு. குடத்துத் தண்ணீரைச் சந்தில் ஊற்றினேன். உஸ் என்று ஆவி முகத்தில் அடித்தது. "ஆத்தா, கரண்ட் இல்ல, ஊத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வெளியே மனைவி கம்பி வழியாகக் கைகளை விட்டுக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, "நான் பிடிச்சிருக்கேன். ஜன்னல் கட்டையில இருத்து. நீ போ" என்று சொன்னாள். பிறகு ஒரு வாளித் தண்ணீர் மொத்தமாகக் கதவில் வந்து அறைந்தது. சந்து வழியாகக் கறுப்புத் தண்ணீர் என் காலை நனைத்தது. வெளிச்சம் போய்விட்டது. வெறும் புகை மட்டும்தான்.

மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கக்கூட நிற்காமல், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திரும்ப ஜன்னலுக்கே போய்க் குழந்தையை எடுத்தாள். பாதத்தில் கொப்புளம் கண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

அன்றே தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்கள். மகளுக்குத் தையல் பிரியவில்லை. காலுக்கு மருந்து போட்டு அனுப்பினார்கள். வரும் வழியில் காரில் நான் அழுதேன். யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதுவும் சரிதான்.

மறுநாள் காலையில் வயர்மேன் வந்தார். கதவிடுக்கில் கிடந்த வயரின் எச்சத்தை விரலால் நசுக்கிப் பார்த்தார். பொடிந்து உதிர்ந்தது. பிறகு முன்வாசலுக்குப் போய்க் கட்டையை நெம்பி உருவினார். உருவியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, பல்பு வயர்ல ஹீட்டரு, கெட்டிலு. நடுவுல முறுக்கி ஒட்டுப் போட்டிருக்கு. ஒட்டுப் போட்ட எடம்தான் மொதல்ல சுடும். அதுமேல துணிய வச்சு அமுக்கினா சூடு எங்கன போகும்? சரி, அதுக்குத்தான் பீஸ் கம்பி இருக்கு. அது போயிருந்தா வயரு பொழச்சிருக்கும். இது பீஸ் கம்பியே இல்லண்ணே. வீடு முழுசா எரிஞ்சாலும் இது போகாது. யாரு போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி பதில் சொன்னாள். "முன்ன ஒரு ஆளு வந்து போட்டுட்டுப் போனாக. வயர எலி கடிச்சிருக்கும்போல." வயர்மேன் என்னை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பின்னறையைக் காலி செய்து, மகளை ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தோம். முன்வாசலில் பேசுவது ஹாலுக்கு நன்றாகக் கேட்கும்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எலி என்றே ஆகிவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் மனைவி எலியைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் நாளே அந்த எலிக்கு வால் எவ்வளவு நீளம் என்றுகூட அவளால் சொல்லியிருக்க முடியும். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. குடத்தோடு மோதிய தோள் கன்றிப்போயிருந்தது. ஆனால் ஊரார் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் எலி சௌகரியமாகத்தான் இருந்தது. முப்பது வருஷ மரியாதை அதன் தயவில் தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். மனைவி எலியைச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டேன். மகள் கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள்.

"தோப்புப் பக்கத்து வீடு, எலி இருக்கத்தான் செய்யும்" என்றார் மாப்பிள்ளை. "பேசாம ரெண்டு பேரையும் நாளைக்கே கூட்டிட்டுப் போயிர்றேன் அத்தை. எங்க வீடு மாடி, எலித் தொல்ல கெடையாது. பிள்ளைக்குன்னு ரூம்ல ஏசி போட்டாச்சு. அந்த ரூம்ல பவர் பாயின்ட் இன்னும் அடிக்கல. ஆனா மாமா வளைகாப்புக்கு வந்தப்போ ஒரு பாக்ஸ் செஞ்சு குடுத்தாகல்ல, அதப் போட்டுத்தான் ஓடுது. ஒரு பிரச்சனையும் இல்ல. அம்மா இப்ப அந்த ரூம்லதான் படுக்கிறாக."

அந்த பாக்ஸ். அதே சுருளில் பாதியை வெட்டி, அதே டேப்பைச் சுற்றி, ஒரு சீர் கொடுப்பதுபோல் நான் கொண்டுபோய்க் கொடுத்தது. போன் சார்ஜ் போடுவதற்கு என்று கொடுத்தேன். அதில் ஏசியை மாட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டில் மட்டும் நான் எதை நினைத்தேன்?

நிமிர்ந்து மகளைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வயர்மேன் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள் என்று அந்த நொடியில் தெரிந்தது. கேட்டும், இரண்டு நாளாக எலியைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. நான் பேசுவேனா என்று காத்திருந்தாள்.

"எலி இல்ல மாப்பிள்ளை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாக மறுபடி சொன்னேன். "எலியெல்லாம் இல்ல. உங்க அம்மாவுக்குப் போனப் போடுங்க. அந்த ஏசிய உடனே அமத்தச் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தவர் மறுகேள்வி கேட்காமல் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மகள் குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை எடுத்தார்கள். ஸ்பீக்கரில் சம்பந்தியம்மாவின் தூக்கக் குரல் கேட்டது.

"ஏலே, இப்பத்தான் ஏசியப் போட்டுட்டுக் கண்ணயர்ந்தேன். என்னடா?"

"ஏசிய அமத்தும்மா. அந்த பாக்ஸ் பிளக்கப் பிடுங்கிப் போடு."

அவர்கள் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்ன அலறல். "ஆத்தே, கொதிக்குதுடா! கை வைக்க முடியல!"

"தொடாதீக அத்தை!" மகள் குழந்தையோடு போனை நோக்கிக் குனிந்தாள். "பிளக்கத் தொடாதீக. சுவத்துல இருக்கிற சுவிட்ச அமத்துங்க. அமத்திட்டுத் தள்ளி வாங்க."

டக்கென்ற ஒரு சத்தத்துக்காக நாங்கள் நாலு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கேட்டது.

"அமத்திட்டேன். வயரெல்லாம் இளகிப்போய்க் கெடக்கு. மெத்த ஓரத்துல போகுதுடா அது." மூச்சு வாங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "அங்கன இருந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் போனைக் கையில் வாங்கினேன்.

"அதச் செஞ்சவன் நான்தான் சம்பந்தி" என்றேன்.